வெள்ளை இல்லாத பிரிண்டர்ல மூவர்ண வட்டம் எப்படி? (1/72 மிக்-21, வீட்டு டெக்கால்)

வண்டியூர்த் தெப்பம் | 22 அக்டோபர் 2025, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளி லீவுல ஒரு வேலைய இழுத்து விட்டுக்கிட்டு முழிக்கிறேன்.

போன மாசம் 26ஆம் தேதி சண்டிகர்ல மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்ததை டிவில பாத்ததுல இருந்து, ஒண்ணு செஞ்சு அலமாரில வச்சிரணும்னு ஒரு வெறி. 1/72 அளவுல பிளாஸ்டிக் மாடல் கிட் ஒண்ணு கிடைச்சுது, எம்.எஃப். மாடல். பெட்டிக்குள்ள இருக்க டெக்கால் (தண்ணில ஊற வச்சு ஒட்டுற படம்) தாள்ல சோவியத் சிவப்பு நட்சத்திரம் இருக்கு, செக் நாட்டு வட்டம் இருக்கு. நம்ம ஊருது மட்டும் இல்ல. சரி நாமளே அடிச்சுக்குவோம்னு டிரான்ஸ்பரன்ட் டெக்கால் பேப்பர் ஆன்லைன்ல வாங்கி, வீட்டு இங்க்ஜெட்ல ரவுண்டல் (விமானப் படையோட மூவர்ண வட்டம்) அடிச்சேன்.

தாள்ல பாக்கும்போது அம்புட்டு அழகு. பச்சை-பழுப்பு கேமோ (மறைப்பு நிறம்) அடிச்ச றெக்கையில ஒட்டுனதும் காவி கருப்பட்டி நிறத்துக்குப் போயிருச்சு, நடு வெள்ளை காணவே காணோம், உள்பச்சை எங்க இருக்குன்னு டார்ச் அடிச்சுத் தேடணும். ரெண்டாவது ஒண்ணை ஒட்டப் போனா, தண்ணில போட்டதும் ரங்கோலியில மழை பெஞ்ச மாதிரி கலர் ஓடிருச்சு.

1971 போர்ல பறந்த விமானம் மாதிரி வரணும்னு ஆசை. என்ன தப்பு பண்றேன்?

---

பழைய சார்ஜென்ட் | 22 அக்டோபர் 2025, இரவு 11:25

தம்பி, டெக்காலுக்கு முன்னாடி விமானத்துக்கே வருவோம். நீங்க வாங்குனது எம்.எஃப். 1971ல சண்டை போட்ட நம்ம மிக் எல்லாம் எஃப்.எல்., நாங்க டைப் 77னு சொல்லுவோம். ரெண்டும் அண்ணன் தம்பிதான், ஆனா முகஜாடை வேற. எஃப்.எல்.லுக்கு முதுகு ஒல்லி, றெக்கைக்கு அடியில ரெண்டே ரெண்டு பைலான் (ஆயுதம் மாட்டுற தாங்கி). எம்.எஃப்.புக்கு முதுகு பருமன், பைலான் நாலு, துப்பாக்கி உடம்புக்குள்ளயே இருக்கும். எஃப்.எல்.லுக்கு உள்ள துப்பாக்கியே கிடையாது, வயித்துக்குக் கீழ தனியா துப்பாக்கிப் பெட்டி (பாட்) கட்டிக்கிட்டுப் போவாங்க.

முதுகைச் சீவி, ஓட்டைய அடைச்சு எஃப்.எல். ஆக்கலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க. முதல் மாடல்ல அந்த வேலை வேணாம். டைப் 96ன்னு எச்.ஏ.எல். விமானக் கம்பெனி நாசிக்ல 1973 வாக்குல இருந்து கட்டுனாங்களே, மிக்-21எம், வெளியில இருந்து பாத்தா உங்க பெட்டில இருக்கதுதான். அதைச் செய்யுங்க. பச்சை-பழுப்பு கேமோவும் அதுக்குப் பொருந்தும். நீங்க வீணாக்குனது எதுவும் இல்ல.

இன்னொண்ணு. நீங்க போட்ட போட்டோவுல ரவுண்டலுக்கு நடுவுல பொடிசா அசோகச் சக்கரம் தெரியுதே? அது கிடையாது. சுதந்திரம் வந்த புதுசுல விமானத்துல சக்கரம் இருந்துச்சு, 1950க்கு அப்புறம் வெளிய காவி, நடுவுல வெள்ளை, உள்ள பச்சை, அவ்வளவுதான்.

---

கப்பலூர்க் குட்டி | 23 அக்டோபர் 2025, காலை 7:02

சக்கரம் தனியா 0.3 எம்.எம்.ல அடிச்ச மனுசனுக்கு ஒரு கைதட்டு 👏👏

அண்ணே எதுக்கு இவ்வளவு கஷ்டம்? பைக் நம்பர் ஸ்டிக்கர் கடைல பிளாட்டர் (வெட்டுற மெசின்) இருக்கு. காவி ஸ்டிக்கர், வெள்ளை ஸ்டிக்கர், பச்சை ஸ்டிக்கர். பத்து நிமிசம். சோலி முடிஞ்சுது.

---

பசுமலைக் காக்கை | 23 அக்டோபர் 2025, காலை 9:15

குட்டி, அந்த ஸ்டிக்கர் எம்புட்டு தடிமன்னு யோசிச்சியா? சாதாரண வினைல் 80 மைக்ரான்னு வச்சுக்கோ. 72ஆல பெருக்கு. 5.76 மில்லிமீட்டர். நிஜ விமானத்துல அரை சென்டிமீட்டருக்கு மேல தடிச்ச தகட்டை வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கும். மூணு நிறம் மேல மேலன்னா ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர். கோயில் மணி மாதிரி தொங்கும்.

தெப்பம் தம்பி, உங்க பிரச்சினை ரெண்டு. கலந்து குழப்பிக்காதீங்க.

கலர் ஓடுனது சின்னப் பிரச்சினை. இங்க்ஜெட் மசி தண்ணில கரையும், டெக்கால் தாளையோ தண்ணில போட்டுத்தான் கழட்டணும். அதனால அடிச்சதும் நல்லாக் காய விட்டு, மேல கிளியர் அக்ரிலிக் ஸ்ப்ரேயை தூவல் மாதிரி மூணு தடவை. முதல் கோட்டே ஈரமா அடிச்சீங்கன்னா அந்த ஈரத்துலயே மசி ஓடும். ஒரு நாள் முழுசா காயட்டும். இப்ப ஐப்பசி வேற. மழை நாள்ல லாக்கர் அடிச்சா ஈரக்காத்து பட்டு வெளுத்துப் பூத்துரும், வெயில் வர்ற நாளாப் பாருங்க. லேசர் பிரிண்ட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது, டோனர் தண்ணில கரையாது.

பெரிய பிரச்சினை வெள்ளை. நம்ம வீட்டு பிரிண்டர்ல இருக்கது நாலு நிறம்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. வெள்ளை மசின்னு ஒண்ணு அதுக்குள்ள இல்லவே இல்ல. வெள்ளைன்னு நீங்க வரைஞ்ச இடத்துல அது ஒண்ணும் அடிக்காம நகர்ந்து போயிருது, காகிதத்தோட வெள்ளை தெரியும்னு நம்பி. இங்க காகிதத்தைத்தான் கழட்டிப் போட்டுர்றோமே! காவியும் அப்படித்தான். அது கண்ணாடி மாதிரி மெல்லிசு, பின்னால வெள்ளை இருந்தாத்தான் காவி. பின்னால கரும்பச்சை இருந்தா உங்க கருப்பட்டி.

வெள்ளை டெக்கால் பேப்பர்னு தனியா விக்கிறாங்க. அதுல ரவுண்டலை அடிச்சு விளிம்போட வெட்டி ஒட்டலாம். கருப்பு எண்ணுக்கு மட்டும் டிரான்ஸ்பரன்ட் தாள் போதும்.

---

வண்டியூர்த் தெப்பம் | 27 அக்டோபர் 2025, இரவு 9:30

காக்கை அக்கா சொன்னபடி வெள்ளைத் தாள் வாங்கிட்டேன். இந்தத் தடவை லேசர்ல அடிக்கலாம்னு டவுன்ல ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தாளைத் தடவிப் பாத்துட்டு "டிரம் போச்சுன்னா நீயா குடுப்ப?"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். ரெண்டாவது கடை, மூணாவது கடை, அதே பதில்.

மறுபடி வீட்டு இங்க்ஜெட். மூணு கோட், கலர் ஓடல, சந்தோசம். ஆனா 8 எம்.எம். வட்டத்தைக் கத்தரில வெட்டுறது இருக்கே... ஒரு பக்கம் காவியைத் தின்னுருது, மறுபக்கம் வெள்ளை நகம் மாதிரி எட்டிப் பாக்குது. ஆறு ரவுண்டல் வேணும்: றெக்கை மேல ரெண்டு, அடியில ரெண்டு, உடம்புல பக்கத்துக்கு ஒண்ணு. இருபது வெட்டி மூணுதான் தேறுச்சு. இன்னொரு கூத்து, 8 எம்.எம். போட்டா 7.7 வருது.

---

பசுமலைக் காக்கை | 27 அக்டோபர் 2025, இரவு 9:52

பிரிண்ட் பெட்டில "பக்கத்துக்குள் அடக்கு" டிக் ஆகியிருக்கும், அது மூணு நாலு சதவீதம் சுருக்கிரும். டிக்கை எடுத்துட்டு அளவு நூறுன்னு வைங்க. தாள் ஓரத்துல எப்பவும் 100 எம்.எம். கோடு ஒண்ணு போட்டு, சாதாக் காகிதத்துல அடிச்சு ஸ்கேல் வச்சுப் பாத்துட்டு அப்புறம் நல்ல தாளைப் போடுங்க. நானும் மூணு தாள் வீணாக்கித்தான் படிச்சேன்.

ஜெராக்ஸ்காரர் மேல கோவப்படாதீங்க. லேசர் மெசின் டோனரைச் சூட்டுல உருக்கி ஒட்டுது. இங்க்ஜெட்டுக்குன்னு செஞ்ச தாள் அதுக்குள்ள போனா மேல்படலம் உருகி உருளைல சுத்திக்கும். லேசருக்குன்னு போட்டிருக்க தாளா, கவரோட கொண்டுபோய்க் காட்டணும்.

---

செல்லூர் தூரிகை | 28 அக்டோபர் 2025, காலை 6:10

வணக்கம். நான் போர்டு எழுதுனவன், முப்பது வருசம். ஃப்ளெக்ஸ் வந்து எங்க பொழப்புல மண்ணு விழுந்த கதை இங்க வேணாம். பேரன் இந்த இழையைக் காட்டுனான், படிச்சேன், சிரிப்பு வந்துச்சு.

ஒரு வட்டம் போட இம்புட்டு ரசாயனமா?

ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் இல்ல, டிராஃப்ட்ஸ்மேன் வச்சிருப்பாங்களே, ரெண்டு இதழ் மாதிரி முனை, நடுவுல திருகு, அந்த இங்க் காம்பஸ். பழைய சாமான் கடைல கிடைக்கும். எனாமலை மோர் பதத்துக்குக் கரைச்சு அந்த இதழுக்குள்ள ஒரு சொட்டு. முள்ளு குத்துற இடத்துல ரெண்டு மடிப்பு டேப் ஒட்டிக்கிட்டா பிளாஸ்டிக்ல ஓட்டை விழாது. முதல்ல முழு வெள்ளை வட்டம். காஞ்சதும் வெளி வளையம் காவி. டேப்பை எடுத்துட்டு உள்ள 000 பிரஷ்ல பச்சை.

அஞ்சு நிமிசம் முன்ன எவர்சில்வர் கரண்டி முதுகுல போட்டது கீழ இருக்கு. பக்கத்துல இருக்கது ஒரு ரூவாக் காசு, அளவுக்கு.

---

கப்பலூர்க் குட்டி | 28 அக்டோபர் 2025, காலை 8:20

ஐயா 🙏🙏🙏 கரண்டியை விமானப் படைல சேத்துரலாம்

---

வண்டியூர்த் தெப்பம் | 28 அக்டோபர் 2025, இரவு 10:15

ஐயா, மெய்யாலுமே பிரமிச்சுட்டேன். ஆனா எனக்கு அந்தக் கை இல்லையே. என் கோடு வைகையாறு மாதிரி வளையும். ஒண்ணு நல்லா வந்தாலும் ஆறும் ஒண்ணு போல வரணும். வால்ல எண்ணு எழுதணும், சின்னச் சின்ன எச்சரிக்கை எழுத்து இருக்கு...

---

பழைய சார்ஜென்ட் | 29 அக்டோபர் 2025, மதியம் 2:40

செல்லூர் ஐயா சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, யாரும் கவனிக்கல. நிஜ விமானத்துல ரவுண்டல் ஸ்டிக்கர் இல்ல, பெயின்ட்தான். ஸ்டென்சில் வச்சு, டேப் ஒட்டி, ஸ்ப்ரே. வெயில்ல முதல்ல வெளுக்கிறது காவி. ரெண்டு வெயில் காலம் வெளில நின்ன விமானத்துல அது பழைய காவி வேட்டி மாதிரி ஆயிரும். பிரிண்டர் காவி பளபளன்னு ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும். அதைக் கொஞ்சம் குறைங்க.

எழுத்து விசயம். வால்ல வர்ற எண் "சி" எழுத்துல தொடங்கும். பின்னால பைசன்னு மேம்படுத்துனதுக்கு "சி.யு." உங்க டைப் 96க்கு "சி" மட்டும். எட்டு அங்குல எழுத்துன்னா 203 எம்.எம்., 72ஆல வகுத்தா 2.8 எம்.எம். அது அழகா வரும். ஒரு அங்குல எச்சரிக்கை எழுத்து 0.35 எம்.எம். ஆயிரும். 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) பிரிண்டர்ல அது எட்டே புள்ளி உயரம், எட்டுப் புள்ளில எழுத்து எங்க நிக்கும்? சும்மா சிவப்புல ஒரு கோடு இழுத்து விடுங்க, ரெண்டடி தள்ளி நின்னு பாக்கிறவனுக்கு அது எழுத்துதான்.

வால்ல வர்ற மூவர்ணப் பட்டைல எந்த நிறம் மூக்கைப் பாத்து இருக்குன்னு பெட்டிப் படத்தை நம்பி வரையாதீங்க. நிஜப் போட்டோவைப் பாத்து வரைங்க. ரவுண்டல் அளவும் அப்படித்தான்: போட்டோவுல றெக்கை நீளத்தையும் வட்டத்தையும் ஸ்கேல் வச்சு அளந்து விகிதம் எடுங்க. றெக்கை மொத்தம் 7.15 மீட்டர், உங்க மாடல்ல 99 எம்.எம். சொச்சம்.

---

கப்பலூர்க் குட்டி | 2 நவம்பர் 2025, மாலை 5:45

பேப்பர் விலை கட்டுபடி ஆகலன்னு நானே டெக்கால் பேப்பர் செஞ்சு பாத்தேன். சிரிக்கக் கூடாது. நாட்டு மருந்துக் கடைல கருவேலம் பிசின் 50 கிராம், ஊற வச்சு வடிகட்டி ஆர்ட் பேப்பர்ல பூசுனேன். காஞ்சதும் மேல என்.சி. லாக்கர் (மரச் சாமானுக்கு அடிக்கிற வார்னிஷ்). தண்ணில போட்டா பிசின் கரைஞ்சு படலம் கழண்டு வரணும், அதானே தத்துவம்?

கழண்டுச்சு. முறுக்கு உடைஞ்ச மாதிரி பதினெட்டுத் துண்டா. அம்மா வந்து பாத்துட்டு மிச்சப் பிசினைப் பாட்டிக்கு லட்டு பிடிக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க.

---

பசுமலைக் காக்கை | 2 நவம்பர் 2025, மாலை 6:30

தத்துவம் சரிதான்டா. பிசின் தடிச்சுப் போச்சு, லாக்கர் நொறுங்குற ஜாதி. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ, அந்த என்.சி. தின்னரை மாடல் பக்கம் கொண்டு போயிராத. கிட் எல்லாம் பாலிஸ்டைரீன், தின்னர் பட்டா வெண்ணெய்தான்.

---

அச்சாபீஸ் பையன் | 9 நவம்பர் 2025, இரவு 11:50

பத்து நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன், இன்னைக்கு எழுதிருவோம்னு உக்காந்தேன். எங்க வீட்ல ஸ்கிரீன் பிரிண்டிங். கீழமாசி வீதிக்குப் பின்னால ஒரு சந்து. கல்யாணப் பத்திரிகை, மஞ்சப்பை, விசிறி, எதுன்னாலும்.

நீங்க எல்லாரும் வெள்ளை இல்ல வெள்ளை இல்லன்னு அழுகிறீங்க. குங்குமச் சிவப்பு அட்டைல வெள்ளை எழுத்தும் தங்க எழுத்தும் அடிச்ச பத்திரிகை உங்க வீட்டுக்கு எத்தனை வந்திருக்கும்? அதை யாரு அடிச்சான்னு நினைச்சீங்க? எங்க அப்பா. எங்ககிட்ட வெள்ளை மசி டப்பா டப்பாவா இருக்கு. பெட்டில வர்ற டெக்காலும் அடிப்படைல ஸ்கிரீன் பிரிண்ட்தான்.

செய்முறை சொல்றேன். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (மசி இறங்குற வலைச் சட்டம்). வெள்ளை, காவி, பச்சை, கருப்பு, ஆக நாலு. முதல்ல முழு வெள்ளை வட்டம் விழும். அதுக்கு மேல காவி வளையம், நடுவுல பச்சைப் பொட்டு. இடைல காவியும் பச்சையும் தொடாத இடந்தான் உங்க வெள்ளை வளையம். சூட்சுமம் என்னன்னா வெள்ளை வட்டத்தைக் காவியோட வெளி விளிம்பை விட 0.2 எம்.எம். சின்னதா போடணும். இல்லன்னா ரிஜிஸ்டர் (நிறத்து மேல நிறம் பொருந்துறது) ஒரு மயிரிழை தள்ளுனாலும் வெள்ளை எட்டிப் பாக்கும். பத்திரிகைல பிள்ளையாருக்கு இதே வேலைதான்.

கஷ்டம் ரெண்டு இருக்கு. ஒருத்தருக்காக நாலு ஸ்கிரீன் எக்ஸ்போஸ் பண்றது கட்டுபடி ஆகாது. பத்துப் பேர் சேந்தா ஆகும். அடுத்தது, இப்ப ஐப்பசி முகூர்த்தம், பின்னாலயே கார்த்திகை, அப்பா கையைப் பிடிக்க முடியாது. மார்கழி பிறந்துட்டா முகூர்த்தம் கிடையாது, மேசை காலி. அப்ப வேணும்னா நான் பேசிப் பாக்கிறேன்.

---

வண்டியூர்த் தெப்பம் | 10 நவம்பர் 2025, காலை 6:05

தம்பி நீங்க எங்க இருந்தீங்க இத்தனை நாளா!!! என் பேரை முதல்ல எழுதிக்குங்க. மார்கழி வரைக்கும் முதுகு ஜாயின்ட்டுக்குப் பட்டி வச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்.

---

செல்லூர் தூரிகை | 10 நவம்பர் 2025, காலை 6:40

நல்லது. ஸ்கிரீன்காரனும் எங்க ஆளுதான், கையால இழுக்கிறவன். அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா காவியை டப்பாவுல இருந்து அப்படியே ஊத்தாதீங்க, கலக்கணும்.

---

அச்சாபீஸ் பையன் | 20 டிசம்பர் 2025, இரவு 8:30

நேத்து அடிச்சு முடிச்சோம். பதினோரு பேர் சேந்ததுல ஆளுக்கு 240 ரூபாய்தான் ஆச்சு. ஏ4 தாள்ல 1/72க்கு ரவுண்டல் நாலு அளவுல, 1/48க்கு ரெண்டு அளவுல, வால் பட்டை, "சி" எழுத்து, 0ல இருந்து 9 வரைக்கும் தனித்தனி எண். சூலூர் தேஜஸ் செய்யிறவங்க கேட்டதால "எல்.ஏ." எழுத்தும் ஒரு மூலைல இருக்கு.

முதல் தாள் குப்பை. மசில தின்னர் கூடுதலாப் போய் டெக்கால் படலமே பொரிஞ்ச அப்பளம் மாதிரி சுருங்கிருச்சு. அப்பா மசியைக் கெட்டியாக்கி, 120 மெஷ்ல ஒரே இழுப்புல இழுத்தார், நின்னுச்சு. ஒரு நிறத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு ராத்திரி காய வச்சோம். நாலாவது வரிசைல பச்சை கொஞ்சம் இடது பக்கம் தள்ளியிருக்கு, அதை விட்டுட்டு எடுத்துக்குங்க. மேல கிளியர் எதுவும் வேணாம், மசியே தாங்கும்.

அப்பா கேக்கிறார், "இது யாரு வீட்டு விசேசம்?"

---

வண்டியூர்த் தெப்பம் | 28 டிசம்பர் 2025, இரவு 11:10

முடிஞ்சுது. போட்டோ ஆறு போட்டிருக்கேன்.

எப்படி ஒட்டுனேன்னு கேக்கிறவங்களுக்கு: கேமோ மேட் பெயின்ட், அது உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். அதுல நேரா ஒட்டுனா அடியில காத்து தங்கி வெள்ளி பூத்துரும் (முதல் ரவுண்டல்ல எனக்குப் பூத்துச்சு, உரிச்சு எறிஞ்சேன்). அதனால முதல்ல முழுசா கிளாஸ் வார்னிஷ், ரெண்டு நாள் காய விட்டேன். வெதுவெதுப்பான தண்ணில டெக்காலை அரை நிமிசம். ஒட்டுற இடத்துல பாதிக்குப் பாதி தண்ணி கலந்த வெள்ளை வினிகர். நகர்த்தி இடத்துல நிறுத்தி, காது குடையிற பஞ்சை நனைச்சு நடுவுல இருந்து வெளிய உருட்டி எடுத்தேன். பேனல் கோடு மேல வந்த இடத்துல பிளேடு முனையால கோட்டோட ஒரு கீறல், மறுபடி வினிகர், உள்ள படிஞ்சுக்கிச்சு. கடைசியா மொத்தத்துக்கும் மேட் வார்னிஷ், படலத்தோட விளிம்பு மறைஞ்சிருச்சு.

இடது பக்க உடம்பு ரவுண்டல் மட்டும் வளைவுல கிழிஞ்சுது. தாள்லயும் அந்த அளவு தீந்துபோச்சு. செல்லூர் ஐயா காம்பஸை மஞ்சப்பைல போட்டு எடுத்துக்கிட்டு வண்டியூருக்கே வந்துட்டார். எங்க வீட்டு வாசப்படில உக்காந்து, ஒரு காபி ஆறதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டார். அது எந்தப் போட்டோன்னு சொல்ல மாட்டேன், கண்டுபிடிங்க.

---

பழைய சார்ஜென்ட் | 29 டிசம்பர் 2025, காலை 5:50

நாலாவது போட்டோ. மத்த அஞ்சும் சுத்தமா இருக்கு, ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா நான் டார்மாக்ல (விமானம் நிக்கிற தளம்) பாத்த காவி அந்த ஒண்ணுலதான் இருக்கு.

பைலான் நாலும் நேரா நிக்குது. மூக்குல இருக்க பிட்டாட் குழாய் (வேகம் அளக்கிற ஊசி) லேசா தொங்குற மாதிரி தெரியுது, பாத்துக்குங்க.

---

அச்சாபீஸ் பையன் | 29 டிசம்பர் 2025, காலை 9:05

ஐயா, தை பிறந்தா மேசை மறுபடி போயிரும். அதுக்குள்ள இன்னொரு தாள் அடிச்சா இந்தக் காவியைத்தான் போடணும்னு அப்பா சொல்லிட்டார். என்ன கலந்தீங்க?

---

செல்லூர் தூரிகை | 29 டிசம்பர் 2025, காலை 9:40

மஞ்சள் மூணு பங்கு, சிந்தூரச் சிவப்பு ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி, வெள்ளை ஊசி முனை. அப்புறம் தீக்குச்சி நுனில தொட்ட அளவுக்குப் பழுப்பு. பழுப்பைக் கடைசியாப் போடச் சொல்லுங்க, கூடிருச்சுன்னா திருப்ப முடியாது.